தரிசு: சென்னை மாகாணத்தின் ‘மிச்ச’ நிலங்கள்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறேன்.)



இன்னைக்கு ஒரு சின்ன ஹோம்வொர்க்கோட ஆரம்பிக்கலாம். தமிழ்நாடு அரசோட நில ஆவண இணையதளத்துக்குப் போய், உங்களுக்குத் தெரிஞ்ச ஏதாவது ஒரு ஊரோட சர்வே எண்ணைக் கொடுத்து ‘அ-பதிவேடு’ எடுத்துப் பாருங்க. மனை வாங்கினவங்க, வாங்கப் போறவங்க ஏற்கெனவே பார்த்திருப்பீங்க. அதில் ‘ரயத்துவாரி’ன்னு ஒரு சொல் வரும். ‘மண் வயனமும் ரகமும்’னு ஒரு கட்டம் இருக்கும். பக்கத்திலேயே மண் தரம், தீர்வை, பரப்பு. மொபைலில் திறக்கிற பக்கம்தான். ஆனா அந்தக் கட்டங்களுக்குப் பின்னாடி இருக்கிற யோசனைக்கு வயசு நூற்றைம்பது, இருநூறு வருஷம்.

நான் பகலில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவன். யாரோ எழுதிவிட்டுப் போன பழைய சிஸ்டம் கைக்கு வந்தா, நாங்க முதலில் பார்க்கிறது டேபிளில் என்னென்ன கட்டம் இருக்குங்கறதைத்தான். அதை உருவாக்கினவங்களுக்கு எது முக்கியமா இருந்தது, எது கண்ணிலேயே படலைங்கறது அதிலேயே தெரிஞ்சிடும். அ-பதிவேட்டை அந்தக் கண்ணோட பாருங்க. நிலம் யாருடையது, எவ்வளவு வரி கட்டும்? அதுக்குக் கட்டம் இருக்கு. மழை பெய்தா தண்ணி அங்கே எத்தனை நாள் நிற்கும், என்ன புல் முளைக்கும், யார் மாடு மேய்ப்பாங்க? அதுக்குக் கட்டம் இல்லை.

இந்த எபிசோட், அந்த இல்லாத கட்டங்களைப் பத்தி. சென்னை மாகாணம்னு ஒண்ணு இருந்தது. இந்தியாவிலேயே அவ்வளவு வகை நிலம் ஒரே ஆட்சியில் இருந்த இடங்கள் கொஞ்சம்தான். அத்தனையையும் ஒரே பதிவேட்டில் அடக்கினப்போ என்ன ஆச்சு?

சிலிகாவிலிருந்து தேரிக்காடு வரை

சென்னை மாகாணம்னா இன்றைய தமிழ்நாட்டையே கொஞ்சம் பெரிசாக்கின மாதிரி பலர் நினைச்சுப்பாங்க. வரைபடத்தை எடுத்தா ஆச்சரியமா இருக்கும். வடக்கு முனை கஞ்சம் மாவட்டம், சிலிகா உப்பங்கழிக்கு ஓரம். 1936-ல் ஒடிசா தனி மாகாணம் ஆனபோதுதான் அது பிரிந்து போனது. மேற்கில் மலபாரும் தென் கன்னடமும், அதாவது கோழிக்கோடும் மங்களூரும். வடமேற்கில் பெல்லாரி. தெற்கில் திருநெல்வேலி. கன்னியாகுமரி மட்டும் இதில் வராது. அது திருவிதாங்கூர் சமஸ்தானம்.

இதுக்குள்ள இருந்த நிலங்களைப் பாருங்க. மங்களூரில் வருஷத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அனந்தபூரில் 600-க்கும் குறைவு. ரெண்டு ஊரும் சென்னையில் இருந்த ஒரே வருவாய் வாரியத்துக்குத்தான் பதில் சொல்லணும். கோதாவரி முகத்துவாரத்தில் கோரிங்கா அலையாத்திக் காடு. கோதாவரிக்கும் கிருஷ்ணாவுக்கும் நடுவில் கொல்லேறு நன்னீர் ஏரி. நல்லமலையில் கோடையில் இலை உதிர்க்கிற காடு. கடப்பா பக்கம் முள் புதர்க்காடு. பெல்லாரியில் கரிசல். நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலையும் புல்வெளியும். தஞ்சையில் வயல்கள். தூத்துக்குடிக்குத் தெற்கே, திருச்செந்தூர் பக்கம் தேரி, காத்து வாரி இறைத்துக் குவித்த செம்மணல் மேடுகள். பார்த்தா பாலைவனம் மாதிரி இருக்கும். ஆனா அந்தத் தேரிக்கு நடுவில் இருக்கிற அய்யனார் கோயிலுக்குப் பேரே அருஞ்சுனை காத்த அய்யனார். மணலுக்கு அடியில் தண்ணி இருக்குன்னு ஊருக்குத் தெரியும்.

இங்கே எல்லாருக்கும் ஐந்திணை ஞாபகம் வரும். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை. ‘நம்ம முன்னோர் அன்னைக்கே நிலத்தைப் பிரிச்சு வெச்சாங்க, வெள்ளைக்காரன் வந்து கெடுத்தான்’னு ஒரு வாட்ஸ்அப் முடிவுக்கு ஈஸியா போயிடலாம். நான் அங்கே போக மாட்டேன். திணை என்பது கவிதைக்கான மரபு. அதை யாரும் நிலப் பதிவேடா வெச்சு ஆட்சி பண்ணலை. சோழர்களும் பாண்டியர்களும் காட்டைத் திருத்தினாங்க, ஏரி வெட்டினாங்க, நெல் விளையற நிலத்தைப் பெருக்கினாங்க. எந்த அரசுக்கும் மருதம்தான் செல்லப் பிள்ளை. ஏன்னா நெல்லை அளக்கலாம், சேமிக்கலாம், அதில் பங்கு கேட்கலாம்.

ஆங்கிலேய ஆட்சி புதுசா கொண்டுவந்தது அளவு. மாகாணத்தின் மூலை முடுக்கு வரைக்கும், ஒரே முறையில், ஒரே கேள்வியோட அளந்தாங்க. இது எவ்வளவு கட்டும்?

மூணு டப்பா

தீவுத்திடல் பக்கம் போயிருந்தா ஒரு சிலையைப் பார்த்திருப்பீங்க. குதிரை மேல் ஒரு வெள்ளைக்காரர். சேணமும் இல்லை, கால் வைக்கிற அங்கவடியும் இல்லை. அவர்தான் தாமஸ் மன்றோ. 1792-லிருந்து பாராமகாலில், அதாவது இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் பக்கத்தில், அலெக்ஸாண்டர் ரீடுக்குக் கீழே வேலை பார்த்தவர். 1800-ல் நிஜாம் விட்டுக்கொடுத்த பெல்லாரி, கடப்பா பகுதிக்குக் கலெக்டர். 1820-லிருந்து 1827-ல் இறக்கும் வரை சென்னையின் கவர்னர்.

அவர் வேரூன்ற வைத்த முறைதான் ரயத்துவாரி. நடுவில் ஜமீன்தார் வேண்டாம், உழுகிற ரயத்திடம் அரசே நேரடியா வரி வாங்கும். அன்றைய நிலையில் அது ஒரு சீர்திருத்தம்னு வாதாடலாம், பலர் வாதாடினாங்க. ஆனா இதுக்கு ஒரு விலை உண்டு. ஒவ்வொரு ரயத்திடமும் வாங்கணும்னா ஒவ்வொரு வயலையும் தெரிஞ்சிருக்கணும். அதனால் அளவு. 1858-ல் இதுக்குன்னே ஒரு சர்வே, செட்டில்மென்ட் துறை வந்தது. கரிசல், செம்மண், மணல்னு பிரிச்சாங்க. அதுக்குள்ள களியா, குறுமண்ணா, பொடி மணலான்னு பிரிச்சாங்க. ஒவ்வொண்ணுக்கும் ‘தரம்’ போட்டாங்க. நீங்க மொபைலில் பார்த்த அதே தரம்.

எல்லா வேலையும் முடிஞ்சப்போ நிலம் மூணு டப்பாவுக்குள்ள போச்சு.

முதல் டப்பா, வரி தரும் நிலம். நஞ்சை, புஞ்சை.

ரெண்டாவது, மரம் தரும் நிலம். 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடினது. தண்டவாளத்துக்கு அடியில் போடக் கட்டை வேணும், இன்ஜினில் எரிக்க விறகு வேணும். அதே 1856-ல் ஹியூ கிளெகார்ன் மாகாணத்தின் முதல் வனக் காப்பாளர் ஆகிறார். 1878-ல் இந்திய வனச் சட்டம் வந்தபோது சென்னை அரசு அதை ஏத்துக்கலை. காட்டில் கிராமத்து ஆட்களுக்கு உரிமை இருக்கு, அப்படியே பறிக்க முடியாதுன்னு இங்கிருந்த அதிகாரிகளே சொன்னாங்க. கடைசியில் 1882-ல் சென்னைக்குன்னு தனி வனச் சட்டம் வந்தது. உரிமை பத்தின அந்தக் கவலை மலையில் இருந்தவங்களுக்கு பெரிசா உதவலை. கோதாவரி ஏஜென்சி மலைகளில் மேய்ச்சலுக்கும், காட்டை எரிச்சுப் பயிர் பண்ற போடு விவசாயத்துக்கும் தடை வந்தது. அதுதான் 1922-லிருந்து 1924 வரை நடந்த ரம்பா கிளர்ச்சியில் வெடிச்சது. ‘ஆர்ஆர்ஆர்’ படத்தில் ராம் சரண் நடிச்ச அல்லூரி சீதாராம ராஜு, அந்தக் கிளர்ச்சியின் தலைவர்.

மூணாவது டப்பா, மிச்சம். வரியும் இல்லை, மரமும் இல்லை. பொதுப் பயன்பாட்டுக்கு விட்டதும், கணக்குக்கு வெளியே நிற்பதும் புறம்போக்கு. சும்மா கிடக்குதுன்னு நினைச்சது தரிசு. அதிலும் தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசுன்னு ரெண்டு வகை. அதாவது பயிர் பண்ணா இவ்வளவு வரி வரும்னு விலை போட்ட தரிசு, விலையே போடாத தரிசு.

ப்ரோக்ராம் எழுதறவங்களுக்கு இது நல்லா புரியும். எந்த வகையிலும் சேராததை ‘இதர’ன்னு ஒரு டீஃபால்ட்டில் தள்ளுவோம். ஆரம்பத்தில் அதில் நாலு ஐட்டம் இருக்கும். கொஞ்ச நாளில் பாதி டேட்டா அங்கேதான் இருக்கும், யாரும் திறந்து பார்க்க மாட்டாங்க. சதுப்பு, புல்வெளி, புதர்க்காடு, மணல்மேடு, உவர் நிலம் எல்லாம் இந்த மூணாவது டப்பாவில்.

இத்தனைக்கும் அந்த ஆட்சிக்கு இந்த நிலங்களைப் பத்தித் தெரியாமல் இல்லை. மாவட்ட மேனுவல்களில் செடி, கொடி, பறவை எல்லாம் இருக்கு. கேம்பிள் தொகுக்க ஆரம்பிச்ச சென்னை மாகாணத் தாவரங்கள் நூல் 1915-லிருந்து 1936 வரை பகுதி பகுதியா வந்தது, இன்னைக்கும் தாவரவியலாளர்கள் அதைப் புரட்டுறாங்க. அறிவு ஒரு அலமாரியில் இருந்தது. முடிவு எடுக்கிற பதிவேடு வேற அலமாரியில் இருந்தது.

நீலகிரி: காலியா இருந்த மலை

1819-ல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரிக்கு ஏறினார். அவருக்குப் பின்னால் போன ஐரோப்பியர்கள் அங்கே பார்த்தது ஒரு விசித்திரமான மலை. பள்ளங்களில் மட்டும் அடர்ந்த குட்டை மரக்காடு, அதுதான் சோலை. மேடெல்லாம் வெறும் புல். தோடர்கள் அந்தப் புல்லில் எருமை மேய்த்துக்கொண்டிருந்தாங்க.

மலைன்னா காடு இருக்கணும்னு பழகின கண்ணுக்கு அந்தப் புல்வெளி மரம் வெட்டிப் போட்ட இடம் மாதிரி தெரியும். சோலையை விறகுக்கு வெட்டினாங்க. விறகு தட்டுப்பாடு வந்தது. சரி, இவ்வளவு இடம் காலியா இருக்கே, மரம் நடலாம்னு முடிவு பண்ணாங்க. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆஸ்திரேலியாவிலிருந்து வாட்டிலும் தைல மரமும் வந்து இறங்கின. சுதந்திரத்துக்கு அப்புறம் இது குறையலை, கூடினது. தோல் பதனிட வாட்டில் பட்டை, செயற்கைப் பட்டு நூலுக்குத் தைல மரக்கூழ்.

அந்தப் புல்வெளி யாரும் வெட்டி உண்டாக்கினது கிடையாது. நீலகிரியின் சதுப்புகளில் படிந்திருக்கிற மக்கை ஆராய்ந்து, 1993-ல் ஒரு இந்திய விஞ்ஞானிகள் குழு முடிவை வெளியிட்டது. சுமார் 20,000 வருஷம் பின்னால் வரைக்கும் போகிற பதிவு அது. மழை கூடினப்போ காடு விரிந்திருக்கு, குறைந்தப்போ புல் விரிந்திருக்கு. ஆனா புல் அவ்வளவு காலமா அங்கே இருக்கு.

அதை அழிச்சா என்ன போகும்? வரையாடு போகும், அதுக்குப் புல்லும் பாறையும் வேணும், அடர்காடு ஆகாது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கிற குறிஞ்சி போகும், அதுவும் புல்வெளிச் சரிவில் வளர்ற செடிதான். திணைக்கே பேர் கொடுத்த பூவோட வீடு பதிவேட்டில் தரிசு! அப்புறம் தண்ணி. மழையை உறிஞ்சி வெச்சுக் கொஞ்சம் கொஞ்சமா விடறது இந்தப் புல்லும் சதுப்பும்தான். பவானிக்கும் மோயாறுக்கும் வர்ற தண்ணி இந்த மலையில் பெய்யறதுதான்.

பக்கத்துப் பழனி மலையில், கொடைக்கானல் பக்கம், செயற்கைக்கோள் படங்களை வெச்சுக் கணக்குப் போட்டிருக்காங்க. 1973-லிருந்து 2014-க்குள் அங்கே இருந்த புல்வெளியில் கிட்டத்தட்ட மூணில் ரெண்டு பங்கு காணோம். வீக்கெண்டில் போய் ‘வாவ், பைன் ஃபாரஸ்ட்’னு நாம ரீல்ஸ் எடுக்கிற இடங்கள் பலதும் இப்படி நட்டு வெச்ச காடுதான்.

கடப்பா: புதருக்குள்ள ஒரு பறவை

நீலகிரியை விட்டு வடக்கே இறங்கி, மாகாணத்தின் வறண்ட நடுப்பகுதிக்கு வருவோம்.

சீமைக் கருவேலத்தைக் காமராஜர்தான் கொண்டுவந்தார்னு ஒரு கதை சுத்தும். சுதந்திரத்துக்குப் பின்னால் அது தமிழ்நாட்டில் பரவினது உண்மை. ஆனா இந்த மாகாணத்துக்குள்ள அது வந்தது 1870-களில். விறகுப் பஞ்சத்தைத் தீர்க்க வன அதிகாரிகள் விதை வரவழைச்சு, கடப்பா பக்கத்து வறண்ட நிலத்தில் போட்டாங்க. அதே காரணம்தான்: இடம் காலியா இருக்கு.

காலியா இருந்ததா? 1848-ல் ஜெர்டான் என்ற ராணுவ மருத்துவர், இந்தப் பக்கத்துப் புதர்க்காட்டில் ஒரு பறவையைப் பதிவு பண்ணார். ராத்திரியில் நடமாடும், தரையில் ஓடும். தெலுங்கில் கலிவிகோடி. 1900-க்கு அப்புறம் யாரும் அதைப் பார்த்ததா பதிவு இல்லை. அழிஞ்சே போச்சுன்னு நினைச்சாங்க. 1986-ல் கடப்பா பக்கம் லங்கமல்லா மலையடிவாரத்தில் திரும்பக் கிடைச்சது. எண்பத்தாறு வருஷம் அந்தப் பறவை ஒளிஞ்சிருந்தது ஏதோ அமேசான் காட்டில் இல்லை. ‘ஒண்ணுமில்லாத முள்ளுக்காடு’ன்னு நாம பஸ்ஸில் கடந்து போற மாதிரி ஒரு இடத்தில்.

அதுக்கப்புறம் அங்கே சரணாலயம் வந்தது. ஆனா 2005-ல் கால்வாய்க்காக அந்தப் புதர்க்காட்டில் இயந்திரம் இறங்கினது. எதிர்ப்பு வந்த பிறகுதான் கால்வாயின் பாதையை மாத்தினாங்க. எந்தத் திட்டம் தெரியுமா? தெலுங்கு கங்கை. அதன் இன்னொரு கிளையில்தான் சென்னைக்குக் கிருஷ்ணா தண்ணி வருது. நம்ம குழாய்க்கும் அந்தப் புதருக்கும் இடையில் நாம நினைக்கிற அளவு தூரம் இல்லை.

புது சிஸ்டம், பழைய டேபிள்

1953-ல் ஆந்திரா பிரிஞ்சது. 1956-ல் மலபார் கேரளாவுக்கும் தென் கன்னடம் மைசூருக்கும் போச்சு. மாகாணம் கலைஞ்சது, கட்டங்கள் கலையலை.

1985-ல் மத்திய அரசு தரிசு நில மேம்பாட்டுக்கு ஒரு வாரியமே அமைச்சது. பிறகு செயற்கைக்கோள் படங்களை வெச்சு நாடு முழுக்கத் தரிசு நில அட்லஸ் தயாரிச்சாங்க. 2019 பதிப்பின்படி இந்தியாவின் பரப்பில் 16.96 சதவீதம் தரிசு. என்ன வகைகள்னு பார்த்தா: புதர் நிலம், சதுப்பு, மேய்ச்சல் நிலம், கடலோர மணல். அதில் நிஜமாவே கெட்டுப்போன நிலம் இருக்கு, மறுக்கலை. அதோட சேர்ந்து, இயல்பே அப்படி இருக்கிற நிலமும் இருக்கு. சங்கிலி பிடிச்சு அளந்தது போய் சேட்டிலைட் வந்துடுச்சு. டேபிள் அமைப்பு அதேதான்.

நம்ம ஓஎம்ஆர்

இப்ப நம்ம வீட்டுப் பக்கம் வருவோம். கேட்கிறவங்களில் பாதிப் பேர் பழைய மகாபலிபுரம் சாலையில்தான் வேலை பார்க்கறீங்க.

பள்ளிக்கரணையை ஊர்க்காரங்க கழுவேலின்னு சொன்னாங்க. வெள்ளம் வந்து பரவி வடியற நிலம். சுத்தி சுமார் 250 சதுர கிலோமீட்டரில் பெய்யற மழை, ஏரி ஏரியா நிரம்பி வழிஞ்சு இங்கே வந்து சேரும். அப்புறம் ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் பக்கம் கடலில் கலக்கும். நெல் விளையாது, மரமும் வெட்ட முடியாது. பதிவேட்டுக்கு அது மிச்சம். மிச்சம்தானேன்னு குப்பை கொட்டினாங்க, ரோடு போட்டாங்க, நிறுவனங்களுக்கும் குடியிருப்புகளுக்கும் கொடுத்தாங்க. ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர் இருந்தது. 2022-ல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தபோது பாதுகாப்புக்குள் வந்தது சுமார் 1,248 ஹெக்டேர்.

2015 டிசம்பரில் வேளச்சேரி, பெரும்பாக்கம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் திரும்பவும் அதே பெயர்கள். ‘வெள்ளம் ஊருக்குள்ள வந்துடுச்சு’ன்னு நியூஸில் சொன்னாங்க. அந்தத் தண்ணிக்கு அது பழைய முகவரி.

‘புறம்போக்கு’ இன்னைக்கு ஒரு வசவுச் சொல். பொதுவில் எல்லாருக்கும் சொந்தமானதைக் குறிச்ச சொல், யாருக்கும் ஆகாதவன் என்ற திட்டா மாறிடுச்சு. 2017-ல் டி.எம்.கிருஷ்ணா எண்ணூர்க் கழிமுகத்தைப் பத்தி ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ பாடினது இதைத் திருப்பிப் போடத்தான்.

அப்போ என்ன பண்ணலாம்?

ஒரு நியாயமான கேள்வி வரும். 1876-லிருந்து 1878 வரை இதே மாகாணத்தில் லட்சக்கணக்கான பேர் பஞ்சத்தில் செத்தாங்க. நெல்லுக்கும் தண்ணிக்கும் முன்னுரிமை கொடுத்தது தப்பா? தப்பில்லை. கால்வாயும் வேணும், வீடும் வேணும், சோலார் பேனலும் எங்கேயாவது வெச்சுத்தான் ஆகணும். இழப்பைத் தெரிஞ்சே ஒரு முடிவு எடுத்தா, அதைப் பத்திச் சண்டை போடலாம், மாத்து வழி கேட்கலாம், இழப்பீடு கேட்கலாம். ‘இங்கே ஒண்ணுமே இல்லை’ன்னு முதல் வரியிலேயே எழுதிட்டா, சண்டைக்கே இடமில்லை. தோடரும், கலிவிகோடியும், வேளச்சேரியில் தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கிறவரும் அந்த முதல் வரியில்தான் மாட்டிக்கிறாங்க.

நம்ம கையில் இருக்கிறது ரெண்டு விஷயம். அடுத்த தடவை ஆபீஸில் ‘வாங்க, சனிக்கிழமை மரம் நடலாம்’னு மெயில் வந்தா, எந்த இடம், இதுக்கு முன்னாடி அங்கே என்ன இருந்ததுன்னு கேளுங்க. புல்வெளியிலும் சதுப்பிலும் மரம் நடறது உதவி இல்லை. மனை வாங்கும்போது பட்டா, வில்லங்கம் பார்க்கிற மாதிரி, அந்த இடத்தோட பழைய பெயரையும் விசாரிங்க. ஏரி, தாங்கல், மடுவு, கழுவேலின்னு பெயரிலேயே தண்ணி இருந்தா, ஒரு ஐப்பசி மழையில் போய்ப் பாருங்க.

பதிவேடு ஒரே சொல்லில் தரிசுன்னு எழுதினதுக்கு ஊரில் நிறைய சொல் இருக்கு. களர், உவர், பொட்டல், கரடு, தேரி, மேய்ச்சக்காடு. ஒவ்வொண்ணும் வேற மண், வேற புல், வேற பிழைப்பு. உங்க ஊரில் அப்படி ஒரு நிலம் இருந்தா, அதுக்கு உங்க பாட்டி என்ன பெயர் சொல்வாங்க, அங்கே என்ன பண்ணுவாங்கன்னு கேட்டு எங்களுக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடில் போடறோம்.